ஒன்பது விரல் வேகம்

தங்கப்பொண்ணுவின் இடது சுண்டுவிரல் பத்து வயதில் பம்புசெட் பெல்ட்டோடு போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்பதும் சும்மா இருக்காது. அவள் வெங்காயம் உரித்தால், தோல் தரையில் விழுமுன் அடுத்தது கைக்கு வந்துவிடும் என்று திருப்பரங்குன்றமே சொல்லும். ஊர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், பாதியாவது நிஜம்.

1994இல், முப்பத்திரண்டு வயதில், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியே தீருவேன் என்று கிளம்பினாள். பாஸானால் கோர்ட் வாசலில் மனு அடித்துக் கொடுக்கும் வேலை நிச்சயம். டி. கல்லுப்பட்டிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட அவள் அப்பனும் ஆத்தாளும் ஒரு மனுவுக்காக யார் யாரிடமோ கெஞ்சி நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஹம்சவேணி டீச்சரின் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாளே வம்பு. ‘ய’ எழுத்து இடது சுண்டுவிரலுக்கு உரியது.

“மோதிர விரலால அடிக்கவா டீச்சர்?”

“அதுக்கு வேற எழுத்து இருக்கு. முறைன்னா பத்து விரலும் வேணும், தங்கப்பொண்ணு.”

புருஷன் பாண்டிராஜுக்குச் சைக்கிள் கடை. அன்று மாலையே பழைய டியூபை வெட்டிச் சுருட்டி ஒரு விரல் செய்துவிட்டான். சிவப்புப் பெயிண்டில் நகம் வேறு.

“இம்புட்டு அழகான விரலு உனக்குப் பொறக்கும்போதே இல்ல.”

“அழகு கெடக்கட்டும் மாமா. அசையுமா?”

அசைந்தது, பாரவண்டி மாதிரி. நாலு மாதமாகியும் வேகம் ஏறவில்லை. டீச்சர் வெளியே போனால் மட்டும் அதைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, மோதிர விரலையே இரண்டு எழுத்துக்கும் ஓடவிடுவாள். அப்போது மிஷின் துள்ளும். டீச்சரின் சைக்கிள் பெல் கேட்டதும் ரப்பர் விரல் மறுபடி கையில் ஏறிவிடும்.

ஆனையூரில் நடந்த பத்து நிமிடப் பரீட்சையில் அறுபது மிஷினும் ஒன்றாக இரைந்ததில், ஆலங்கட்டி மழை என்று அந்த ஊர்க்காரர்கள் கொடித் துணியை எடுத்தார்களாம். மூன்றாவது நிமிடம் ரப்பர் விரல் கழன்று எழுத்துக் கம்பிகளுக்குள் விழுந்தது. மிஷின் நின்றுவிட்டது.

ஓடிவந்த சூப்பர்வைசர் பேயாண்டி சிவப்பு நகத்தைப் பார்த்தார். “ஆத்தாடி, விரலு” என்றபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரப்பர்தேன் சார். பதறாதீக.”

பிடுங்கி வீசினாள். ஏழு நிமிடம் பாக்கி. அறுபது பேரும் மொட்டைக் கையைப் பார்த்தாயிற்று. இனி எதை ஒளிப்பது? மோதிர விரல் ‘ய’வுக்கும் ‘ள’வுக்கும் தறிநாடா போலப் பறந்தது. அந்தத் தாளை வாங்கியவருக்குக் கை சுட்டதாம். மணி அடித்தபோது கடைசிப் புள்ளி விழுந்திருந்தது.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு.

“என் முன்னால ஒருக்கா அடி,” என்றாள் டீச்சர். பார்த்தாள். தானும் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு அடித்தாள். ஒரு வரியில் நாலு தப்பு.

“நாலு மாசமா ஒன்னைய நாந்தேன் கட்டிப்போட்டிருக்கேன்.”

“போகட்டும் டீச்சர். ஹையருக்கு என் பேரை எழுதுங்க. இந்த வேகம் பத்தாது.”

பாண்டிராஜ் பூரித்துப் போனான். “ஹையருக்குப் புது டியூப்லயே விரல் செஞ்சு தாரேன்.”

“டீச்சர் சைக்கிள்ல பின்சக்கரம் பஞ்சர். டியூப அதுக்கு வெட்டி ஒட்டுங்க மாமா,” என்றவள் மிஷினில் அடுத்த தாளைச் செருகிவிட்டாள்.