பார்க்காத அறையையும் எழுதிய அப்பா

எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். உங்களில் சிலர் கடந்த ஓராண்டாக அப்பாவோடு பேசவில்லை. ஆனாலும் வந்திருக்கிறீர்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதத் துணிந்தேன்.

அப்பா பிறந்தது புளியங்குடிக்கு மேற்கே, எலுமிச்சைத் தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சிய குடும்பத்தில். தோட்டத்து மோட்டார் நின்றுபோனால் பழுதுபார்க்க ஆள் வர இரண்டு நாளாகும். அதற்குள் பிஞ்சு உதிர்ந்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவர் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிப்பில் சேர்ந்தார். படித்து முடித்ததும் குற்றாலத்து லாட்ஜுகளில் மோட்டாரும் குழாயும் பார்க்கும் வேலை கிடைத்தது. சாரல் காலத்தில் எதிரே அருவி கொட்டிக்கொண்டிருக்கும், லாட்ஜின் மூன்றாம் மாடிக் குழாயில் வெறும் காற்று வரும். "அண்ணாச்சி, ரூம்ல கத்துதாங்க, ஓடி வாங்க" என்று ஆள் வந்து நிற்கும். மோட்டார் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "தொறந்து பாத்தியா?"

எனக்கு நான்கு வயதானபோது அப்பா வெளிநாடு போனார். மேற்காசியாவில் ஒரு நாடு. பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அம்மா இப்போதும் பயப்படுவதால் விட்டுவிடுகிறேன். அங்கே ஒரு நகரத்தின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் பிட்டராக இருந்தார். அந்த உழைப்பில்தான் குத்துக்கல்வலசையில் வீடு கட்டினார். என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். ஊர் திரும்பிய பிறகு மறுபடியும் குற்றாலத்து மோட்டார்களோடு இருபது ஆண்டுகள் கழித்தார்.

சென்ற ஆண்டு அந்த நாட்டின் மீது ஒரு பெரிய வல்லரசு படையெடுக்கத் தயாரானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருந்தேன். செய்தியில் மேலேயிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினார்கள். இரண்டு வட்டத் தொட்டிகள், நான்கு கொட்டகைகள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அம்புக்குறி. தண்ணீர் சுத்திகரிப்பதாகச் சொல்லிக்கொண்டு நச்சுவாயு தயாரிக்கும் இடம் இது என்றார் அந்த வல்லரசின் அதிகாரி.

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏட்டி, சத்தத்தக் கூட்டு. இது எங்க பிளாண்ட்லா!"

"நல்லாத் தெரியுமாப்பா?"

"ஒம்பது வருசம் அந்தக் கொட்டகையிலதான சாப்பிட்டேன். அவன் காட்டுத சிலிண்டர் குளோரின் சிலிண்டர். நம்ம ஊர்த் தண்ணித் தொட்டிக்குக் கீழயும் அது நிக்கி. அம்புக்குறி போட்டா எது வேணும்னாலும் ஆயுதமாத்தான் தெரியும். மேல இருந்து காட்டுதான், உள்ள இருந்து ஒரு படம் காட்டமாட்டேங்கானே, ஏன்?"

அன்று மத்தியானம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதையே பேசி அனுப்பினார். வந்த பதில்கள் உங்களுக்கே தெரியும். "அங்க ஒம்பது வருசம் சோறு தின்னவரு பின்ன எப்படிப் பேசுவாரு?" என்று ஒருவர் எழுதினார். "அண்ணாச்சி, இந்த வயசுல வம்ப வெல குடுத்து வாங்காதீங்க" என்றார் இன்னொருவர். சாயங்காலம் அப்பா குழுவிலிருந்து நீக்கப்பட்டார். யார் நீக்கினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம் வந்தது. "நான் வந்து இருவது வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் மாத்தியிருந்தா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அங்கே அவரோடு வேலை பார்த்த ஹமீது இன்னும் அதே நிலையத்தில் இருந்தார். அவரிடம் பேசியபோது, எதுவும் மாறவில்லை, அதே பம்புகள்தான், உதிரி பாகம்தான் கிடைப்பதில்லை என்றார். அப்பாவுக்கு அதுவும் போதவில்லை. "அவனும் அவங்க கவர்மெண்டுக்குப் பயந்து சொல்லலாம்லா? எந்த கவர்மெண்டயும் வாய்ச்சொல்ல வச்சு நம்பக் கூடாது" என்றார். மறுநாள் ஹமீதை வீடியோவில் கூப்பிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிலையம் முழுவதும் நடக்கச் சொன்னார். அப்பா அரபியில் ஒவ்வொரு கதவாகத் திறக்கச் சொல்ல, அவரும் திறந்து காட்டினார். பம்புகள், வடிகட்டும் மணல், குளோரின் அறை, ஆட்கள் சாப்பிடும் பெஞ்சு எல்லாம் தெரிந்தன. நான்காவது கொட்டகையில் ஒரு அறை மட்டும் பூட்டியிருந்தது. சாவி தன்னிடம் இல்லை என்றார் ஹமீது. அந்தப் பூட்டை இன்னும் பக்கத்தில் காட்டச் சொல்லிப் பார்த்தார் அப்பா.

பிறகு உட்கார்ந்து அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினார். அந்த நிலையத்தில் தான் பார்த்த வேலை, எந்தக் கொட்டகையில் என்ன இருக்கிறது, குளோரின் எதற்கு என்று இரண்டு பக்கம். கடைசியில் இப்படி ஒரு வரி: "நான்காவது கொட்டகையில் ஒரு அறையை நான் பார்க்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது."

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அத்தான், இந்த ஒரு வரிய எடுத்திருங்க. எடுத்தா மனு பலமா இருக்கும்."

"எடுத்தா அவங்க பண்ணுத வேலயத்தான நானும் பண்ணுதேன், மாப்ள? தெரிஞ்சதப் பெருசாச் சொல்லிட்டு, தெரியாதத மறைச்சிருதாங்க. அதனாலதான் எனக்கு அவங்க மேல சந்தேகமே வந்துச்சு."

மாமா பேனாவை வாங்கினார். முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார். தெருவிலும் குற்றாலத்திலுமாக ஏழு பேர் போட்டார்கள். நான் போடவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியை நான். "வேலைக்கு ஏதும் வந்துரும்ப்பா" என்றேன். "சரிம்மா. பயந்துகிட்டுப் போடுத கையெழுத்து எனக்கும் வேண்டாம்" என்றார். அந்தப் பதிலில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் இன்றும் வலிக்கிறது.

திங்கட்கிழமை மனு நாளில் தென்காசி கலெக்டர் அலுவலகத்துக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் மனுவை இரண்டு முறை படித்தார்.

"ஐயா, இது பட்டா, பென்ஷன், ரோடு எதுலயும் சேராதே. இத எங்க அனுப்ப?"

"டெல்லிக்கு அனுப்புங்கம்மா. அந்தச் சண்டைக்கு நம்ம நாடு சரின்னு தலையாட்டுததுக்கு முன்னால யாராவது ஒரு தடவ படிச்சிரட்டும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஊழியர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

பத்து நாள் கழித்து சாதாரண உடையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் உங்களை யார் எழுதச் சொன்னது, அங்கே யாரோடு பேசுகிறீர்கள், அடிக்கடி பேசுவீர்களா என்று ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "நான் அங்கன வேல பாத்தேன் சார், பாத்தத எழுதினேன்" என்பதையே அப்பாவும் திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா போய்ப் பேசிய பிறகு யாரும் வரவில்லை. அம்மா மட்டும் மாதக்கணக்கில், வாசலில் பைக் நின்றால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு லாட்ஜுகள் அப்பாவைக் கூப்பிடுவதை நிறுத்தின. காரணம் சொல்லவில்லை.

சண்டை தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த நிலையத்தின் மீது குண்டு விழுந்தது. ஆயுதக் கிடங்கு அழிக்கப்பட்டது என்று செய்தியில் ஒரே ஒரு வரி ஓடியது. அப்பா அன்று முழுவதும் ஹமீதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தொடர்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நாள்காட்டித் தாளைக் கிழித்ததும், அந்த வல்லரசு அன்றைக்குச் சொன்ன காரணத்தை அதன் பின்பக்கம் எழுதி வைத்தார். முதலில் நச்சுவாயு. பிறகு ஏவுகணை. பிறகு அந்த நாட்டு மக்களைக் காப்பாற்ற வந்தோம் என்றார்கள். இனிமேல் ஆயுதம் செய்யக்கூடும் என்பதற்காகத்தான் இப்போதே தாக்கினோம் என்று கடைசியில் சொன்னார்கள். "நெசமான காரணம்னா ஒண்ணு போதுமே, எதுக்கு இத்தன?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தாள்களை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

இரண்டரை மாதம் கழித்து ஹமீதே கூப்பிட்டார். குண்டு விழுந்த அன்று அவருக்கு விடுமுறை. வேலையில் இருந்த மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் இருவர் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அப்பா வெகுநேரம் அழுதார். அழுது முடித்த பிறகு, அந்தப் பூட்டிய அறையைப் பற்றிக் கேட்டார். சுவர் விழுந்ததால் எல்லோருமே பார்த்துவிட்டார்கள், உள்ளே பழைய மணல் மூட்டையும் உடைந்த நாற்காலிகளும்தான் கிடந்தன என்றார் ஹமீது.

"நீ பாத்தியா, யாரும் சொன்னாங்களா?" என்று அரபியில் கேட்டதாக அப்பா எங்களிடம் சொன்னார். அதையெல்லாம் தானே கையால் அள்ளிப்போட்டதாக ஹமீது பதில் சொன்னாராம்.

அடுத்த திங்கட்கிழமை சாரல் பிடித்திருந்தது. அப்பா நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்த நேரம். மறுபடியும் மனு கொடுக்கப் போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். முதல் மனுவில் தெரியாது என்று எழுதியதைத் தெரிந்த பிறகும் அப்படியே விடுவது தப்பு என்றார். ஒரே பக்கத்தில் எழுதி, அதே அலுவலகத்தில் போய்க் கொடுத்தார். அந்த மனுவில் அவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. என் பள்ளியில் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்றும் நான் நம்பவில்லை.

அதன்பின் அப்பா எட்டு மாதங்கள் இருந்தார். இரண்டு மனுவுக்கும் பதில் வரவில்லை. கடைசி வாரம் மருத்துவமனையில் மூச்சுவாங்கியபோதும், கட்டிலுக்கு வரும் ஆக்சிஜன் குழாயின் வால்வில் கசிவு இருக்கிறது என்று நர்சிடம் சொல்லிச் சரிசெய்ய வைத்தார். வெள்ளிக்கிழமை காலை, அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அமைதியாகப் போய்விட்டார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், மூன்று நாளும் எங்கள் அடுப்பு எரியாமல் சோறு கொடுத்த தெருக்காரர்களுக்கும், குற்றாலத்து லாட்ஜ் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. பெயரைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து துட்டி கேட்டு, ஆறுதல் சொல்லிவிட்டுப் போன கலெக்டர் அலுவலக ஊழியருக்கும் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபப்படுவார்.

ஹமீதுக்கும் நன்றி சொல்ல வேண்டும். காடாற்று முடிந்த மறுநாள் அப்பாவின் போனுக்கு அவருடைய அழைப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அரபியில் ஒரு பிரார்த்தனை சொன்னார். பிறகு, ஒரு பம்பைச் சரிசெய்துவிட்டதாகவும், தினம் ஒரு மணி நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வருவதாகவும், அதை அண்ணனிடம் சொல்லத்தான் கூப்பிட்டதாகவும் சொன்னார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். இந்த ஓராண்டாக அந்த நாட்டின் பெயரையே வீட்டில் எடுக்க விடாத அம்மா, என் கையைப் பிடித்து, "குடிக்க மாதிரி இருக்கான்னு கேளு" என்றார்.

கேட்டேன். குளோரினை ஊருக்குள் கொண்டுவர அந்த வல்லரசின் படை இன்னும் விடவில்லையாம். காய்ச்சித்தான் குடிக்கிறார்களாம்.