முழங்கால் அளவு வெள்ளம்

மலேசியாவில் கிள்ளான் ஆற்றங்கரையில் எங்கள் வீட்டு வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்த கன்னையாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர் வேலை. டிக்கெட்டை நீட்டினால் அதை விட்டுவிட்டு நீட்டியவன் முகத்தைப் பார்ப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தப் பார்வை ஓய்வு பெறவில்லை. பாசாரில் வாங்கிய மீனை வீட்டுக்கு வந்து இன்னொரு முறை நிறுப்பார்.

மனைவி நல்லம்மாளுக்கு வாதம் வந்து இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. தரையோடு இருந்த பலகை வீடு என்பதால் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிவந்து காற்று வாங்க வைப்பார். ஆனால் அது புறம்போக்கு நிலம். கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான். மாற்றாகக் கொடுப்பதோ லிஃப்ட் இல்லாத மாடி வீடு. அங்கே ஏற்றினால் நல்லம்மாள் பிறகு தெருவையே பார்க்க முடியாது. அந்தப் பயத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சந்திரகலா என்ற இன்ஜினியர் பெண் அரசாங்கத்திலிருந்து வந்தாள். உலகம் சூடாகிறது, இனி மழை பழைய மாதிரி பெய்யாது, கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும் என்றாள். ஆறு எவ்வளவு ஏறும் என்று இப்போதே கணக்குப் போட வேண்டுமாம். அதற்கு எழுபத்தொன்றாம் ஆண்டு வெள்ளம் ஒவ்வொரு வீட்டிலும் எதுவரை வந்தது என்று தெரிந்தாக வேண்டும், அதை வைத்துத்தான் கரையில் சுவர் எழுப்புவார்கள், யோசித்து வையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'ங்கோ' போதும், கன்னையாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவருடைய அப்பாவின் பேரை வேலைப் பட்டியலிலிருந்து வெட்டி ரப்பர் தோட்டத்தை விட்டே விரட்டிய கிராணியும், அதாவது கணக்கு எழுதுபவரும், யாழ்ப்பாணத்துப் பேச்சுதான் பேசினாராம்.

அன்றைக்கே தன் வரிசைக்காரர்களைக் கூட்டினார்.

"வராத தண்ணிய அளக்க யாராச்சும் வருவாங்களா? வெள்ளம் ஏறுற எடம்னு எழுதிட்டா நம்மள கெளப்பறது ஈசிலா. எல்லாரும் முழங்கால்னு சொல்லுங்க. ஒரே மாதிரி சொல்லணும்."

உண்மையில் வந்தது நெஞ்சளவு. அவர் வீட்டுப் பலகையிலேயே சேற்றுக் கறை கோடாக நின்றது. பச்சை பெயிண்ட் வாங்கிவந்து அதன்மேல் அடித்தார். மற்றவர்களும் அடித்தார்கள். தீபாவளிக்குக்கூட அந்த வரிசை அப்படிப் பளபளத்ததில்லை.

சந்திரகலா திரும்ப வந்தபோது வீட்டுக்கு வீடு முழங்கால்தான். அவளுக்கும் ஏதோ இடித்திருக்க வேண்டும். நல்லம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து அவரிடமும் கேட்டாள். முழங்கால்தான் என்றார் நல்லம்மாள்.

சுவர் வந்தது. பொய் இல்லை, நிஜமாகவே வந்தது. எங்கள் வரிசையில் செக்கர் யாரும் இல்லாததால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தோம். எங்கள் வீடுகளுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு எழும்பியது. கன்னையாவின் வரிசை தொடங்கும் இடத்தில் நின்றுபோனது. அங்கே நிலம் மேடு, அவ்வளவு ஆபத்து இல்லை என்று கணக்கு சொல்லிவிட்டதாம். எங்கள் பக்கம் தடுத்த தண்ணீர் எங்கே போகும் என்று கன்னையாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷா ஆலம் நகரில் இருந்த அரசாங்க அலுவலகத்துக்கு ஓடினார். சந்திரகலா மாற்றலாகிப் போயிருந்தாள். நெஞ்சளவு வந்தது என்று இவர் சொன்னதைக் கேட்ட புது அதிகாரி அவருடைய முகத்தையே பார்த்தாராம்.

"சுவரு கட்டினப்புறம் எல்லாரு ஞாபகத்துலயும் நெஞ்சு வரைக்கும் தண்ணி வந்துருது அங்கிள். அடையாளம் ஏதும் இருக்கா?"

வீட்டுக்கு வந்து பெயிண்டைச் சுரண்டினார். பெயிண்டோடு கறையும் சேர்ந்து உதிர்ந்தது.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நல்லம்மாளின் கட்டிலை உயர்த்த வேண்டும் என்று கன்னையா என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, அவர் குனிந்து கால்களுக்கடியில் செங்கல் செருகினார். அந்தப் பெண் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போம் என்று முனகினார். அப்போதும் குற்றம் அவள்மேல்தான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள், கட்டிலில் படுத்திருந்த நல்லம்மாள் மெதுவாகச் சொன்னார்.

"கேட்டுச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டே கேட்டுச்சு. நெஞ்சுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க கதவுகிட்ட நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."