பெயர் போடாத அறிக்கை

முதல் தடவை நான் அந்தக் காம்பராவுக்குள் நுழைந்தபோது அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. கூடையிலிருந்து உருண்டையாய்ப் பார்த்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, அறையின் நடுவே சிமெந்துத் தரையில் வைத்தாள். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு யாரும் தொடாமலே புரண்டு, அடுப்பு மூலைக்குப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"போன மழைக்கு முந்தி வச்ச எடத்துலேயே நிக்கும் மிஸ்" என்றாள்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒற்றையறை வீடுகளாக ஆறு காம்பராக்கள் ஒட்டி நிற்கும் லயம் அது. கொழுந்து பறிக்கும் அவளும் அவள் கணவரும் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு ஓடியது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இடம் ஆபத்தானது, வெளியேறுங்கள் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். எங்கே போவது என்று கடிதத்தில் இல்லை. அதனால் ஆறு குடும்பமும் அங்கேயே இருந்தன. தரையில் காதை வைத்துப் பாருங்கள் என்றாள். வைத்தேன். அடியில் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அன்று நல்ல வெயில்.

ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆட்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பேன். சட்டம் படித்தவள் இல்லை. வேலை பார்த்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: நாடுகள் மனித உரிமை உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போடுகின்றன. போட்டபடி நடக்கின்றனவா என்று பார்க்க ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஒரு குழு உண்டு. அதில் இருப்பவர்கள் பல நாட்டு நிபுணர்கள். தங்கள் அரசாங்கத்துக்காகப் பேச வந்தவர்கள் அல்லர். சில வருடங்களுக்கு ஒருமுறை அரசாங்கம் தன் அறிக்கையை அனுப்பிவிட்டு, ஜெனீவாவில் அந்தக் குழுவின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதே விஷயத்தைப் பற்றி எங்களைப் போன்றவர்களும் ஓர் அறிக்கை அனுப்பலாம். நிழல் அறிக்கை என்பார்கள். குழு நீதிமன்றம் இல்லை. அதற்குப் பொலிசும் கிடையாது, சிறையும் கிடையாது. கேட்கும், எழுதி வைக்கும், மறுபடியும் கேட்கும்.

இதையெல்லாம் அவளிடம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவள் கேட்டாள்: "அப்ப அது கவருமெந்துக்கு வைக்கிற பெரட்டு. பேரக் கூப்பிட்டா பதில் சொல்லணும். அதானே மிஸ்?"

காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிப்பதுதான் பெரட்டு. நான் போன பயிற்சிப் பட்டறை எதிலும் இதைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

எங்கள் அறிக்கையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். தோட்ட மேனேஜர் தொரை காதுக்குப் போனால் வம்பு. நான் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, தோட்டத்தின் பெயர், லயத்து நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மாவட்டம் மட்டும் மிஞ்சியது. அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

குழு கூடிய நாளில் அதை இணையத்தில் நேரடியாகப் பார்க்க மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். பகலில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. மத்தியானமே பனிமூட்டம் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. ஆறு குடும்பத்துப் பெரியவர்களும் முகம் கழுவி, தலை வாரி வந்திருந்தார்கள். நாம் அவர்களைப் பார்த்தால் அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மா கேள்வி கேட்டார். நடுவில் ஒரு வாக்கியத்தை வாசித்தார்: மழை நாட்களில் அந்தக் குடும்பம் படுப்பதில்லை, தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறது. அவள் என்னிடம் சொன்ன வாக்கியம் அது. கடல் தாண்டிப் போய் யாரோ ஒருவர் வாயிலிருந்து திரும்பி வந்தது. நான் அதைத் தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எப்படித் தெரிந்ததோ.

அரசாங்கத் தரப்பில் களைத்துப்போன ஒரு மனிதர், தாளைப் புரட்டி, மரியாதையாகப் பதில் வாசித்தார். அந்த மாவட்டத்தில் எச்சரிக்கை கொடுக்கப்பட்ட லயங்களில் இருந்த குடும்பங்கள் அனைத்தும் பாதுகாப்பான வீடுகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன என்றார். அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. கையில் இருந்த பட்டியலை வாசித்தார். அந்தப் பட்டியலை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

தமிழில் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கணவர்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாருங்க?"

நான் மடிக்கணினியை மூடினேன்.

அதற்குப் பிறகுதான் விசித்திரமெல்லாம். தோட்டத்தில் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வரும். கொழும்பில் வேலை செய்யும் மகள் போட்ட கடிதம் "இடம் மாறிச் சென்றுவிட்டனர்" என்ற குறிப்போடு மகளிடமே திரும்பிப் போனது. ஒரு நாள் பட்டியலும் கையுமாக ஓர் அலுவலர் வந்தார். லயத்தின் முன்பக்கத் தாழ்வாரமான இஸ்தோப்பு வழியாகக் கதவு கதவாகப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், போய்விட்டார். அவள் கதவடியில் நின்றுதான் தலை வாரிக்கொண்டிருந்தாளாம்.

"எங்களப் பாத்துக்கிட்டேதான் போனாரு மிஸ். செவுத்தப் பாக்குற மாதிரி."

இதை அவள் தொலைபேசியில் சொன்ன வாரமே புறப்பட்டுப் போனேன். பனிமூட்டத்தில் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. பேச்சுச் சத்தம் இல்லை, நாய் குரைக்கவில்லை. ஒருவேளை தாள்தான் சரியோ, இவர்கள் எப்போதோ போய்விட்டார்களோ, நான்தான் யாருமற்ற இடத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறேனோ என்று பட்டப்பகலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது. பிறகு விறகுப் புகை மணத்தது. கடைசிக் காம்பராவின் கதவு பாதி திறந்திருந்தது. நிலை கோணிப்போனதால் இப்போது அது மூடுவதில்லை. அடுப்பு மூலையில் நாலைந்து உருளைக்கிழங்குகள் ஒன்றாய்ச் சேர்ந்து கிடந்தன. யாரும் கொண்டுபோய் வைத்தவை அல்ல.

குழு தன் முடிவுகளை எழுதி வெளியிட்டிருந்தது. அந்தக் குடும்பங்களை எங்கே, எப்படி மாற்றினீர்கள் என்று குறித்த காலத்துக்குள் திரும்ப எழுதும்படி அரசாங்கத்தைக் கேட்டிருந்தது. அந்த இடைவெளியில் நாங்களும் எழுதலாம் என்று அவளுக்குச் சொன்னேன்.

"இந்தத் தடவ பேரப் போடுங்க மிஸ். லயத்து நம்பர், காம்பரா நம்பர், எல்லாம் போடுங்க."

"பயமா இல்லையாக்கா?"

"பேரு இல்லாததாலதானே எங்களக் கணக்குலேருந்து தூக்கிட்டாங்க."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. முகவரி இல்லாத கேள்வியை நான் அனுப்பினேன். முகவரி இல்லாத பதில் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவளை அழிக்க வழி செய்து கொடுத்தவள் நான். அன்றைக்கே ஆறு குடும்பத்தையும் கதவுகளின் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். ஒவ்வொரு பெயரையும் அவர்களிடமே இரண்டு தடவை வாசித்துக் காட்டி எழுதினேன். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அது இருக்க வேண்டிய தாளில் இருக்கிறது.

அனுப்பியாகிவிட்டது. பதில் வரவில்லை. இப்போது மழை தொடங்கிவிட்டது. அவள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும் நேரம் பார்த்துத் தினமும் தொலைபேசி எடுக்கிறேன். அவள் ஹலோ சொல்வதில்லை. பெரட்டில் நிற்பதுபோலத் தன் முழுப் பெயரைச் சொல்கிறாள், லயத்து நம்பரைச் சொல்கிறாள், காம்பரா நம்பரைச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

நேற்று மணி வெகுநேரம் அடித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கடைசியில் எடுத்தாள். பெயர், லயம், காம்பரா.

"இருக்கோங்க மிஸ்" என்றாள்.

அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் பலமாகக் கேட்டது. அங்கே நல்ல மழையா என்று கேட்டேன்.

"இல்லீங்க. காலையிலேயே விட்டுருச்சு."