சூசை பூசிய சிவப்பு

ஞாயிறு காலை நம் மாதிரிக் கப்பல்காரர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: "சூசை அண்ணன் தவறிட்டாரு. அடக்கம் நாலு மணிக்கு." நான் ஒரு மாதிரிக் கப்பலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். தூரிகையைக் கீழே வைக்கவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். அவரோடு உட்கார்ந்து கப்பல் செய்த உங்களிடம் நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது.

கள்ளிக்குப்பம் மாடியில் நாம் கூடும்போது, யார் கப்பலைக் கொண்டுவந்தாலும் முதலில் அதன்மேல் இறங்குவது அவருடைய கட்டைவிரல் நகம்தான். "சுரண்டுனா வர்றது பெயிண்டே இல்ல மச்சான்" என்பார். நம் ஆறு மாத உழைப்பு அவர் நகக்கண்ணில் இருக்கும்.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் நினைவு நாளுக்கு அந்தக் கப்பலையே செய்து பாரிவாக்கத்தில் அண்ணியிடம் கொடுக்க நினைத்தேன். அசல் கப்பலுக்கு அடித்த அதே சிவப்பைத் தேடிப்பிடித்துப் பூசினேன். சூசை பார்த்தார். "இன்னா மச்சான், கப்பலுக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கீறே?" நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "நெசக் கப்பலைத் தூரத்துல நின்னுதானே பாக்குறோம்? கலரு வெளுத்துதான் தெரியும். மொழ நீளக் கப்பலுக்கு முழுக் கலரு அடிச்சா பொம்மையாதான் கீது."

கொடிக்கம்பத்தை நிமிர்த்தித் தருகிறேன் என்று வாங்கிப்போனவர், என்னைக் கேட்காமல் மொத்தத்தையும் சுரண்டி, சாம்பல் கலந்த வெளிர் சிவப்பை அடித்துக் கொண்டுவந்தார். மறுநாள் நினைவு நாள். மாற்ற நேரமில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு பாரிவாக்கம் போனேன்.

அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணி வெகுநேரம் பார்த்தார். "இதே கலருதான். கடைசியா அவரை அனுப்பப் போனப்போ ஹார்பருக்குள்ள உடல. கேட்டாண்டயே நின்னு பாத்தேன், இப்டிதான் தெரிஞ்சிது. எப்டிப்பா கண்டுபுடிச்சே?"

அழைக்காமலே வந்திருந்த சூசை எதிர்ப்பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பல தடவை கலந்து பாத்தேன் அண்ணி" என்றேன் நான்.

எதற்கும் வாயை மூடாத மனிதர் அன்றைக்கு மட்டும் குனிந்து ரசம் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அது தன் கலர் என்று அவர் அதன்பிறகும் யாரிடமும் சொல்லவில்லை; உங்களுக்கே இப்போதுதான் தெரியும். இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இனி நான் யாரிடம் போவது?

கப்பலோடு அவர் கொடுத்த மிச்சச் சிவப்பு ஒரு தைலப் புட்டியில் என்னிடம் இருக்கிறது. அதன்மேல் அவர் கையால் எழுதிய என் அண்ணன் பெயர். அவரால் எனக்கு மிஞ்சியது அந்தப் புட்டியும், அண்ணியிடம் நான் சொன்ன பொய்யும்தான். புட்டியை உங்களில் யாருக்காவது கொடுத்துவிடலாம்.