பின் சீட்டிலிருந்து ஒரு குரல்

கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் அவருக்கு எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்துவிடுகிறார் படக்காரம்மா. கணவர் திரையைப் பார்த்தபடி சாப்பிட, இவர் கணவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கணவரின் கண் எந்த இடத்தில் திரையை விட்டுத் தட்டுக்கு இறங்குகிறதோ, அந்த இடத்தில் படம் தொய்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலை அங்கே கத்தரி விழும். “நான் பசியோட உக்காந்தா நல்ல ஷாட்டுக்கும் ஆபத்துதான்” என்கிறார் கணவர். அவர் பல் செட் செய்கிறவர். மனைவி எடுத்த எல்லாப் படங்களையும் உலகத்தில் முதலில் பார்த்தவர், மென்றுகொண்டே பார்த்தவர்.

எங்கள் மாடியில் எதிர்வீடு அவர்களுடையது. படக்காரம்மா என்பது மாடிப் பிள்ளைகள் வைத்த பெயர். யார் கதாநாயகன் என்று கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. அவர் எடுப்பது ஆவணப்படம். மருத்துவமனைச் சலவைக்கூடம், தபால் பிரிக்கும் அறை, பழைய பேருந்துகளைப் பிரித்துப் போடும் பட்டறை என்று எங்காவது போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொள்வார். முதல் சில நாட்கள் கேமரா பையை விட்டு வெளியே வராது. “என்னைப் பார்த்துப் பார்த்து அவங்களுக்குச் சலிச்சுப் போகணும். அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பம்” என்பார்.

படம் எடுத்த அறையை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரையும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வார். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுப் போட அது வேண்டுமாம். பழக்கம் முற்றிப்போய், எங்கள் வீட்டுக்கு வந்தாலும் பேச்சுக்கு நடுவே காதைச் சாய்த்துக்கொள்வார். “உங்க ஃபிரிட்ஜுக்கு நல்ல சாரீரம்” என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு அது பாடுவது மட்டுமே கேட்கிறது.

ஆவணப்படத்தில் என்னென்ன வகை என்று ஒருமுறை கேட்டேன். “சில பேர் படத்து மேல குரல் போட்டு விளக்குவாங்க, வானத்துல இருந்து அசரீரி பேசற மாதிரி. சில பேர் எதிர்ல உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்க. நடந்து முடிஞ்சதைத் திரும்ப நடிக்க வெக்கறவங்களும் இருக்காங்க. நான் சும்மா பார்ப்பேன். கேக்க மாட்டேன், சொல்ல மாட்டேன். சுவர்க் கடிகாரம் மாதிரி. அது பாட்டுக்கு இருக்கும், யாரும் அதுகிட்ட பேச மாட்டாங்க இல்ல?”

போன வருடம் அந்தக் கடிகாரம் வாய் திறந்துவிட்டது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்மணியையும் அவரிடம் கற்க வருகிறவர்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் கேமராவோடு இவர். கற்க வந்தவர்களில் ஐம்பதைக் கடந்த ஒரு தையல்காரம்மா இருந்தார். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து கார் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. கை கால் பயிற்சிச் சிகிச்சைக்கு அவரைக் கூட்டிப்போக வேறு ஆளில்லை. தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. இரண்டு முறையும் அதே ரவுண்டானாவில்தான் கால் மரத்துப்போனது.

மூன்றாவது தேர்வுக்கு முன் அதே ரவுண்டானாவில் ஒத்திகை. “தேர்வுல நான் பேச முடியாது. அதனால இப்பவும் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். கார் நின்றது. வண்டிகள் சுற்றிச் சுற்றிப் போயின. பின்னால் ஹாரன் சத்தம் ஏறியது. தையல்காரம்மா, பின்பக்கம் காட்டும் கண்ணாடி வழியாக நேராகக் கேமராவைப் பார்த்தார்.

“நீயாவது சொல்லும்மா. போகலாமா?”

படக்காரம்மா கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பின்னாடி இருக்கியா, இல்லையா?”

“இருக்கேன். நீங்க போங்க, நானும் கூடத்தான் வர்றேன்.”

கார் நகர்ந்தது. கேமரா ஆடியது. ரவுண்டானாவைத் தாண்டியதும் முன்சீட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள். பின் சீட்டுக்காரர் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, “இத்தனை வருஷம் கட்டிக் காத்த வாய்” என்று தலையில் அடித்துக்கொண்டார். முகத்தில் என்னவோ அவ்வளவு வருத்தம் தெரியவில்லை.

எடிட்டிங்கில் தன் குரலை மட்டும் அழித்துப் பார்த்தார். சுத்தமாக வந்தது. பயந்துபோன பெண் ஒருத்தி கண்ணாடியைப் பார்க்கிறாள், தானே துணிந்து வண்டியை எடுக்கிறாள். படத்தை வாங்க ஒப்புக்கொண்டிருந்த தொலைக்காட்சிக்காரரும் அதைத்தான் விரும்பினார். ஒரு கேள்வியும் குரலும் இல்லாத படம் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். படக்காரம்மா வழக்கம்போல் தன் கணவருக்குப் போட்டுக் காட்டினார். கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இந்தம்மா யாரைப் பார்க்கறாங்க?”

“யாரையும் இல்ல.”

“யாரையோ பார்த்துட்டுத்தானே போறாங்க? உன்னைத்தானே?”

அன்றிரவு படக்காரம்மா சரியாகத் தூங்கவில்லை. தானே துணிந்தாள் என்றால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. குரலைத் திரும்ப வைத்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் குரல் வந்தால் தூக்கத்தில் உளறியது போலிருந்தது. அதனால் படம் முழுவதையும் பிரித்து மறுபடி கோத்தார். முன்பு வெட்டி எறிந்த “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா”, “தண்ணி வேணுமா”, ஒரு தும்மல் உட்பட எல்லாம் உள்ளே வந்தன. தொலைக்காட்சிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முழுதாகப் பார்த்த பிறகு, “இது வேற படம். இருக்கட்டும்” என்றார்.

தையல்காரம்மா மூன்றாம் முறை தேறிவிட்டார். தேர்வுக்குள் கேமராவை விடவில்லை. “வேணும்னா இன்னொரு தடவை பாஸானாப்பல சிரிச்சுக் காட்டவா?” என்று அவரே கேட்டிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் கணவரைச் சிகிச்சைக்கு அழைத்துப்போன ஒரு சாதாரண நாளை எடுத்தார். பக்கத்து சீட்டில் அந்த மனிதர், ஒவ்வொரு திருப்பத்திலும் தன் காலடியில் இல்லாத பிரேக்கை நல்ல காலால் ஓங்கி மிதிக்கிறார். “நீங்க மிதிச்சா நான் நிப்பேனா?” என்கிறார் மனைவி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். படம் அங்கே முடிகிறது.

நூலகக் கூடத்தில் திரையிட்டபோது போயிருந்தேன். மேடைக்கு வரமாட்டேன் என்று படக்காரம்மா கடைசி வரிசைக்குப் போய்விட்டார். முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“நடுவுல ஒரு அம்மா, ‘நானும் கூடத்தான் வர்றேன்’னு சொல்றாங்களே, அவங்க முகத்தைக் கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே. யாரு அவங்க?”

கூடத்தில் தலைகள் அங்குமிங்கும் திரும்பின. கடைசி வரிசையில், வகுப்பில் வருகை சொல்லும் பிள்ளை போல, தோள் உயரத்துக்கு ஒரு கை எழுந்தது. கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு முழுதாக உயர்ந்தது.