முகம் பார்க்காமல் திரும்பினேன்

கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் நான், யூத சமூக சேவை அமைப்பொன்றின் சார்பில், தனித்து வாழும் முதியவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சென்ற மாரிக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாளுக்குரிய உணவோடு போனபோது, அந்த முதியவர்களில் ஒருவரான மிரியம் அம்மா கதவைத் திறக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு உணவுப் பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

என்னோடு உணவு கொண்டுவரும் சிவம் அண்ணை காரில் காத்திருந்தார். அவர், "அவவைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை, நித்திரையாக்கும்."

"அப்பிடி விட்டிட்டுப் போகேலாது. வாங்கோ, திரும்பிப் போய்ப் பாப்பம்."

நாங்கள் கூட்டிவந்த கட்டடப் பொறுப்பாளர் தன் சாவியால் கதவைத் திறந்தபோது, மிரியம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து குளியலறையில் கிடந்தார்.

தேறியபின் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூப்பிட்டது கேட்டது. எனக்குக் குரல் வரவில்லை. நீ திரும்பிப் போனதும் கேட்டது" என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் கதவு திறக்காவிட்டால், பொறுப்பாளரை அழைத்துத் திறக்கச் செய்து, உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.