செல்லையா டிரைவரிடம் சொல்லாதது

வியாழக்கிழமை காலை, பாடசாலை மணி அடிப்பதற்கு முன் செய்தி வந்தது. செல்லையா டிரைவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். "ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னாரு டீச்சர்" என்றார் அவருடைய மருமகன். ஏன் எனக்கு என்பது, மறுவாழ்வு நிலையத்தில் அவரால் குடியை விட்ட உங்களுக்குத் தெரியும்.

பதினான்கு வருடங்களுக்கு முன், தெரணியகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம் அவர் குடித்துவிட்டு லொறி ஓட்டி வந்தார். சாக்கோடு பாதையோரம் நின்ற என் தங்கை லெட்சுமி மேல் ஏற்றினார். அவள் கொழுந்து பறித்துத்தான் என்னை ஆசிரியர் கலாசாலைக்குப் படிக்க அனுப்பினாள்.

சிறையிலிருந்து வந்தவர், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டவர்களை நீதிமன்றம் அனுப்பும் மறுவாழ்வு நிலையத்தில் உதவிக்குச் சேர்ந்தார். பிறகு என் வாசலுக்கு வந்தார். "நான் சொன்னா கதைன்னு கேட்டுட்டுப் போயிர்றானுங்க. நீங்க வந்து சொல்லுங்க டீச்சர்." கதவைச் சாத்தினேன். மூன்றாம் முறை அழைத்தபோது போனேன், நாலு பேர் முன்னால் அவரைக் கேவலப்படுத்தலாம் என்று.

அதன்பின் ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் போனேன். சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. இரண்டு மொழியிலும் லெட்சுமி செத்தாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் அழுதீர்கள், திருந்தினீர்கள். நான் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் கிடந்தேன். அதை ஒருவரும் கேட்கவில்லை.

குழுவில் இருந்த ஒரு த்ரீவீல்காரர் அவரைக் கேலி செய்தார்: "என்னண்ணே, ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வாறீங்க? டீச்சர் மன்னிச்சிட்டாங்க போல!"

"வாய மூடுடா. அவங்க மன்னிச்சா அன்னைக்கே நான் குடிக்கத் தவறணைக்குப் போயிருவேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. என் கோபம்தான் அவருக்கு மருந்து. அது ஆறிய பிறகும், ஆறாதவளைப்போல வருடக்கணக்கில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவரை ஆஸ்பத்திரி வாட்டில் பார்த்தேன். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துக் கிடந்தார். "இனிக் குடிக்க வழியில்ல டீச்சர். மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்லலாம்" என்றார். அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது. "கஞ்சி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிட்டேன். வீம்பா, பழக்கமா, தெரியவில்லை.

நல்ல மனிதர் என்று பேசுவீர்கள், பேசுங்கள். லெட்சுமிக்கு அவர் செய்ததைப் போதையில் செய்தார். அவருக்கு நான் செய்ததைத் தெளிந்த புத்தியோடு செய்தேன். இந்த ஞாயிறும் புதுக் குழுவுக்காக நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போய், இதையும் சொல்லவேண்டும். அவர் நினைவாக என்னிடம் இருப்பது இதுதான்.